காவலர் கையிலிருக்கும் ரேடியோவில் எவ்வளவு டேட்டா போகும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இங்கிலாந்தின் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் துறைகள் வைத்திருக்கும் ‘டெட்ரா’ டிஜிட்டல் ரேடியோவைப் பற்றி எழுதியபோது, அது பேச மட்டுமல்ல, டேட்டா அனுப்பவும் உதவும் என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்த நாட்டின் வடபகுதியில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் ரேடியோ பொறியாளராக வேலை பார்த்த எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் கிடையாது. அதனால் இந்த முறை எல்லாப் பக்கமும் அதற்கே.

என் அப்பா தலைமைக் காவலர். கையில் நல்ல ஸ்மார்ட்போன் இருக்கிறது, ஸ்டேஷனுக்கு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. ஆனாலும் பந்தோபஸ்துக்குப் போகும்போது வாக்கி-டாக்கி மைக்கைத் தூக்கிக்கொண்டுதான் போகிறார். இந்தக் காலத்தில் அது எதற்கு?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

அப்பா பந்தோபஸ்துக்குப் போகும் இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். தேர் இழுக்கிற வீதி, கட்சிக் கூட்டம், கிரிக்கெட் மைதானம். அங்கேயெல்லாம் நம் போன் என்ன பாடுபடுகிறது? கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக்குப் போனவர்களைக் கேளுங்கள். சிக்னல் கோடு முழுசாகக் காட்டும், ஆனால் கால் போகாது, போட்டோ சுற்றிக்கொண்டே இருக்கும். டவர் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் கொள்ளளவை லட்சம் பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். போலீஸ்காரரின் போனும் அந்த லட்சத்தில் ஒன்று.

காவல்துறை ரேடியோவில் அந்த லட்சம் பேர் இல்லை. அலைவரிசை தனி, டவர் தனி. பட்டனை அழுத்தினால் ஒரே குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் குரல் போய்ச் சேரும். டெட்ராவில் இந்த இணைப்பு ஏறக்குறைய 0.3 நொடியில் கிடைத்துவிடும். எண்ணைத் தேடி, அழைத்து, மணி அடித்து, அவர் எடுத்து, பிறகு அடுத்தவரை அழைத்து என்கிற வேலையே கிடையாது. “வடக்கு வாசலில் தள்ளுமுள்ளு” என்று ஒருவர் சொன்னால் தெற்கு வாசலில் நிற்பவர் காதிலும் அதே கணத்தில் விழும்.

வாட்ஸ்அப்பில் போட்டோ வரும், வரைபடம் வரும், அதெல்லாம் உபயோகமானதுதான். ஆனால் நெரிசலில் அது எப்போது போய்ச் சேரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அப்பா தூக்கிப் போவது அந்த உத்தரவாதத்தை.

டெட்ராவின் டேட்டா வேகம் நொடிக்கு 7.2 கிலோபிட் என்று படித்தேன். எங்கள் ஊர் 4ஜி இதைவிட ஆயிரம் மடங்கு வேகம். இவ்வளவு மெதுவான டேட்டாவை வைத்து என்னதான் செய்ய முடியும்?
– பாலிடெக்னிக் மாணவர், கோவில்பட்டி

தம்பி, நீங்கள் படித்த எண் சரிதான். சொல்லப்போனால் ஒரு துண்டுக்கு அதுதான் உச்சம். டெட்ரா, 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை நேரக்கணக்கில் நான்கு துண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டில், பிழைதிருத்தம் (வழியில் கெட்டுப்போகும் பிட்டுகளைச் சரிசெய்ய உதவும் கூடுதல் பிட்டுகள்) எதுவும் சேர்க்காமல் அனுப்பினால் நொடிக்கு 7.2 கிலோபிட். கொஞ்சம் பிழைதிருத்தம் சேர்த்தால் 4.8. பலமாகச் சேர்த்தால் 2.4. நான்கு துண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தால் 28.8 கிடைக்கும். ஆனால் அதுவரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. காவல் பணியில் அப்படித் தாராளமாகக் கொடுக்க எந்தக் கட்டுப்பாட்டு அறையும் ஒப்புக்கொள்ளாது.

ஒரு பைட் என்பது எட்டு பிட்; போன் கேமராவில் எடுத்த 3 மெகாபைட் படத்தை 4.8 கிலோபிட்டில் அனுப்பினால் 83 நிமிடம் ஆகும். அதையே 30 கிலோபைட்டாகச் சுருக்கினால் 50 நொடி. காணாமல் போன குழந்தையின் முகத்தை அனுப்ப 50 நொடி பரவாயில்லை. வீடியோவை மறந்துவிட வேண்டியதுதான்.

சரி, அப்படியானால் என்ன செய்கிறார்கள்? மிகச் சின்ன தகவல்களை அனுப்புகிறார்கள். எவ்வளவு சின்னது என்பதில்தான் இதன் அழகே இருக்கிறது.

முதலில் நிலைச்செய்தி. இதில் போவது வெறும் 16 பிட், அதாவது 0 முதல் 65,535 வரைக்குள் ஓர் எண். அதில் பாதியைப் பயன்படுத்தும் துறைகளே விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். ஓர் எண்ணுக்கு ‘கிளம்பிவிட்டோம்’, இன்னொன்றுக்கு ‘இடத்துக்கு வந்துவிட்டோம்’, இன்னொன்றுக்கு ‘மருத்துவமனை சேர்ந்தாயிற்று’ என்று துறை தீர்மானித்துக்கொள்ளும். நான் இருந்த அறையில் தீயணைப்பு வண்டிகளின் பட்டியல் ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்கும். கனமான கையுறை போட்ட கையோடு வண்டியில் ஒருவர் ஒரு பெரிய பட்டனை அழுத்துவார். இங்கே அந்த வண்டியின் பெயருக்குப் பின்னால் நிறம் மாறும். யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இந்த வசதி வருவதற்கு முன், ஒவ்வொரு வண்டியும் ‘வந்துட்டோம், ஓவர்’ என்று குரலில் சொல்ல வேண்டும். பெரிய தீ விபத்தில் பத்துப் பதினைந்து வண்டிகள் ஒரே சமயத்தில் வந்து சேரும்போது, அந்த ‘வந்துட்டோம்’களே ரேடியோவை அடைத்துக்கொள்ளும். உள்ளே மூச்சுக்கருவியோடு நிற்கிறவர் பேச இடம் இருக்காது. 16 பிட் அந்த இடத்தை மீட்டுக் கொடுத்தது.

அடுத்தது இருப்பிடம். ரேடியோவுக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். சொல்வதை டெட்ரா ஒரு குறுஞ்செய்தியாகக் கட்டுகிறது. தீர்க்கரேகைக்கு 25 பிட், அட்சரேகைக்கு 24 பிட். மீதியில் வேகம், போகும் திசை, பிழை அளவு, ஏன் அனுப்பப்பட்டது என்ற காரணம். மொத்தம் 76 பிட். 10 பைட்டுகூட இல்லை. யூனிகோடில் ‘அம்மா’ என்று எழுத, ஒரு குறியீட்டுக்கு 16 பிட் வீதம் 80 பிட் ஆகும். அதைவிடச் சின்ன இடத்தில் ஒரு வண்டி எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது அடங்கிவிடுகிறது. 25 பிட்டில் உலகத்தையே சுற்றி எண்ணினால் ஒரு படி பூமத்தியரேகையில் சுமார் 1.2 மீட்டர். தெருவின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சொல்ல அது போதும். இதை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு பிட்டுக்கும் சண்டை போட்டிருப்பார்கள் என்று அந்த ஆவணத்தைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

மூன்றாவது குறுஞ்செய்தி. ஒரு செய்தியில் 2,047 பிட் வரை போகலாம். ஆங்கிலத்தில் என்றால் இருநூறு எழுத்துக்கு மேல் வரும். தமிழ் என்றால் தலைப்புக் குறியீடுகள் போக 120 குறியீடுகளை ஒட்டி வரும். ‘இந்த எண் கொண்ட கார் திருட்டு கார், உள்ளே ஆயுதம் இருக்கலாம்’ என்று காவலருக்குச் சொல்ல இது தாராளம். நிறுத்தி வைத்த காரின் எண்ணைத் தட்டினால் பதில் இதில்தான் திரும்பி வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே அவசரப் பொத்தான். பெரும்பாலான ரேடியோக்களில் ஆன்டெனா அடியில் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் இருக்கும். அதை அழுத்தினால் 0 என்ற நிலைச்செய்தி போகும். நிலைச்செய்திகளில் 0 என்பதை அவசரத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கூடவே இருப்பிடம் போகும். அமைத்து வைத்திருக்கும் முறைப்படி மைக் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு குளிர்கால இரவு, மேட்டு நிலத்துப் பாதையில் தனியாக ஒரு காரை நிறுத்திச் சோதித்த பெண் காவலர் அதை அழுத்தினார். எங்கள் திரையில் அவருடைய எண் சிவப்பாக மின்னியது, வரைபடம் தானாக அந்த இடத்துக்குத் தாவியது. ஒலிபெருக்கியில் இரைச்சலும் காற்றுச் சத்தமும் மட்டும். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசும் நிலையில் இல்லை. பக்கத்துக் கிராமத்திலிருந்த ரோந்து வண்டியைக் கட்டுப்பாட்டாளர் திருப்பிவிட்டுவிட்டுத்தான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உதவி போய்ச் சேர்ந்தது. அவரும் நல்லபடியாக வந்தார். அந்த இரவில் அந்த மேட்டில் 4ஜி கிடையாது. 16 பிட்டும் 76 பிட்டும்தான் இருந்தன.

வேகத்தைக் கூட்டவும் முயன்றார்கள். ‘டெட்ஸ்’ என்று இரண்டாம் கட்டத் தரநிலை ஒன்று வந்தது. அலைவரிசையை 50, 100, 150 கிலோஹெர்ட்ஸ் என்று அகலமாக எடுத்துக்கொண்டு வேகம் பெறும் முறை. ஆனால் ஐரோப்பாவில் அவசரத் துறைகளுக்கு 380 முதல் 400 மெகாஹெர்ட்ஸுக்குள் கிடைத்தது ஒவ்வொரு திசைக்கும் 5 மெகாஹெர்ட்ஸ். அதிலேயே குரலுக்கும் இடம் வேண்டும். அகலப்படுத்த எங்கே போவது? அதனால் அது பெரிதாகப் பரவவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அதே ரேடியோவில் செய்தி வருமா?
– ஊர்க்காவல் படை வீரர், கரூர்

குறுஞ்செய்தியும் நிலைச்செய்தியும் வரும். குரல் போகும் துண்டிலேயே ஒரு நூலளவு இடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கோப்பு, படம் மாதிரியான தொடர் டேட்டா மட்டும் ஒற்றைத் துண்டு கைக்கருவியில் பேச்சு முடியும் வரை காத்திருக்கும். பேச்சுக்குத்தான் முதலிடம்.

இங்கே ‘ஏர்வேவ்’ என்ற டெட்ரா ரேடியோ வலையை மூடிவிட்டு எல்லாவற்றையும் 4ஜிக்கு மாற்றப்போவதாகப் பல வருடமாகச் சொல்கிறார்கள். ஏன் இன்னும் நடக்கவில்லை? டேட்டா வேகம் வேண்டும்தானே?
– மென்பொருள் பணியாளர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

நீங்கள் இருக்கும் ஊரில் 2005 ஜூலை 7 அன்று நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்த நாள். லண்டன் பேரவையின் விசாரணைக் குழு 2006-ல் அதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தொடர்பாடலில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. சுரங்கத்துக்குள் அவசரத் துறைகளின் ரேடியோக்கள் பெரும்பாலும் வேலை செய்யவில்லை. உள்ளே என்ன நிலை என்பதை மேலே சொல்ல ஆட்கள் தண்டவாளத்திலிருந்து நடைமேடைக்கு ஓடி ஓடிப் போய் வந்தார்கள். ஆம்புலன்ஸ் துறையின் மேலாளர்கள் சாதாரண செல்போனை நம்பியிருந்தார்கள், நெட்வொர்க் நெரிசலில் அது கைவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. ஆல்ட்கேட் நிலையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு செல்போன் நிறுவனத்தின் வலையமைப்பில் பொதுமக்களின் போன்களை ஒதுக்கிவைத்து, சிறப்பு அனுமதி பெற்ற சிம்களை மட்டும் அனுமதிக்கச் சொன்னது நகரக் காவல்துறை. நம் எல்லோருடைய சிம்மிலும் ஓர் அணுகல் வகுப்பு எண் இருக்கிறது. நமக்கு 0 முதல் 9 வரை ஏதோ ஒன்று, சிறப்பு வகுப்புகள் 11 முதல் 15 வரை. டவர் ‘சிறப்பு வகுப்பு மட்டும் வரலாம்’ என்று அறிவித்தால் நம் போன் முயற்சிக்கவே முயற்சிக்காது. பல மணி நேரம் அது அமலில் இருந்தது. இதில் நெஞ்சை அடைக்கும் விஷயம், ஆம்புலன்ஸ் துறையினர் பலரிடம் அந்தச் சிறப்பு சிம் இல்லை. காப்பாற்றப் போனவர்களின் போனும் பொதுமக்களின் போனோடு சேர்ந்து அடங்கிப்போனது. குடும்பத்துக்குப் போன் செய்யத் துடித்த சாதாரண ஜனங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் துறை டெட்ராவுக்கு வந்தது, 2009-ல் சுரங்க நிலையங்களுக்குள்ளும் ஏர்வேவ் வந்தது. இப்போது பிரிட்டனில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் அதை நம்பி வேலை செய்கிறார்கள்.

இனி உங்கள் கேள்வி. 2015-ல் புதிய 4ஜி சேவைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2019 முடிவுக்குள் ஏர்வேவை அணைப்பதாகத் திட்டம். தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. அதுவரை சுமார் 200 கோடி பவுண்டு செலவாகிவிட்டது என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2023-ல் சொன்னது. டேட்டா வேகம் யாருக்குத்தான் வேண்டாம்? விபத்து இடத்திலிருந்து வீடியோ, கட்டடத்தின் வரைபடம், நோயாளியின் இசிஜி எல்லாம் 4ஜியில் கண் இமைக்கும் நேரத்தில் போகும். சிக்கல் வேகத்தில் இல்லை, மற்ற எல்லாவற்றிலும்.

4ஜி, முதலில் இணையத்துக்காகப் பிறந்தது. பட்டனை அழுத்திக் குழுவாகப் பேசும் முறை அதன் உலகத் தரநிலையில் 2016-ல் வந்த 13-வது பதிப்பில்தான் சேர்ந்தது. அவசரத் துறைகளுக்கான டேட்டாவும் வீடியோவும் 14-வது பதிப்பில். ஒப்பந்தம் போட்ட ஆண்டு 2015 என்பதைக் கவனியுங்கள். தரநிலை முழுசாக எழுதி முடிவதற்கு முன்பே கடையை மூடும் தேதியை அறிவித்துவிட்டார்கள். அப்புறம் மலையும் பண்ணையுமாக இருக்கும் இடங்களுக்கு டவர், சுரங்கப் பாதைகளுக்கு உள்ளே கேபிள், ஹெலிகாப்டரோடு பேச மேல்நோக்கிய ஆன்டெனா என்று வேலை நீண்டுகொண்டே போனது. எல்லாவற்றையும்விடக் கடினமானது, டவரே இல்லாமல் ஒரு கருவி இன்னொரு கருவியோடு நேராகப் பேசுவது. டெட்ராவில் அது முதலிலிருந்தே உண்டு. நிலவறைக்குள் இறங்கும் தீயணைப்பு வீரருக்கு அதுதான் உயிர்நாடி. 4ஜி தரநிலையில் காகிதத்தில் எழுதிவைத்தார்கள். கடையில் வாங்கும் போன்களில் அது வரவில்லை.

என் கருத்தைக் கேட்டால், மாற வேண்டியதுதான், ஆனால் இந்த வரிசையில் மாற வேண்டும்: முதலில் டேட்டாவைப் புதியதில் ஓட்டிப் பழகுங்கள், குரலும் அவசரப் பொத்தானும் பழையதிலேயே இருக்கட்டும். பெல்ஜியம் 2014-லேயே இப்படித்தான் ஆரம்பித்தது. தங்கள் டெட்ராவை வைத்துக்கொண்டே, அவசரத் துறைகளுக்கென்று தனி டேட்டா சிம் கொடுத்தார்கள். ஒரு நெட்வொர்க்கில் சிக்னல் இல்லாவிட்டால் அது அடுத்ததுக்குத் தாவிக்கொள்ளும். பிரிட்டன் ஒரே தாவலில் அக்கரைக்குப் போகப் பார்த்தது.

எங்கள் காலத்தில் நிலையத்தில் ஒரே ஒரு தொலைபேசி. இப்போதுள்ள பையன்கள் ‘அன்லிமிடெட் பேக் போட்ட சிம் ஒன்று வண்டியில் இருந்தால் போதும் சார்’ என்கிறார்கள். போதுமா?
– ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர், தேனி

ஐயா, போதாது. 2018-ல் கலிபோர்னியாவில் மெண்டசினோ காட்டுத்தீ எரிந்தபோது, சாண்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறை கட்டுப்பாட்டு வண்டி ஒன்றை அனுப்பியது. எந்தப் படை எங்கே நிற்கிறது, எந்த எஞ்சினை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் அந்த வண்டியிலிருந்துதான் நடக்க வேண்டும். அதிலிருந்த சிம் ‘அன்லிமிடெட்’தான். ஆனால் மாத அளவைத் தாண்டியதும் நிறுவனம் வேகத்தை 200-ல் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிட்டது. தீ எரிந்துகொண்டிருக்கும்போது வேகத்தை ஏற்றித் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூடுதல் காசு கட்டுங்கள் என்ற பதில் வந்தது. படைவீரர்கள் சொந்த போனை எடுத்து வேலை பார்த்தார்கள். அந்தத் துறைத் தலைவர் இதையெல்லாம் நீதிமன்றத்தில் பிரமாணமாகவே தாக்கல் செய்தார். தீயின் நடுவில் நிற்கிறவரிடம் பேக் கணக்குப் பேசலாமா? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால்தான் முன்னுரிமை என்பது விலைப்பட்டியலில் இருக்கக் கூடாது, வலையமைப்பின் உள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறோம். இதில் இரண்டு படி உண்டு. நெரிசலில் அவசரத் துறையின் டேட்டாவை முன்னால் விடுவது முதல் படி. இடமே இல்லாவிட்டால், மற்றவர் இணைப்பை அறுத்துவிட்டு இவருக்கு இடம் தருவது இரண்டாவது. அமெரிக்கா 2012-ல் சட்டம் போட்டு, 700 மெகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கி, 2017-ல் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்த ‘ஃபர்ஸ்ட்நெட்’ சேவையில் இரண்டும் உண்டு. தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே போனது. 2014 ஏப்ரலில் சேவோல் கப்பல் மூழ்கி, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளாக 304 பேர் இறந்தார்கள். கடலோரக் காவல், போலீஸ், தீயணைப்பு என்று ஆளுக்கொரு வகை ரேடியோ வைத்திருந்தது அப்போது பெரிய குறையாக எழுந்தது. அரசு தனக்கென்றே 4ஜி வலையமைப்பு கட்ட முடிவெடுத்து, 2021-ல் நாடு முழுக்கக் கட்டி முடித்தது. மூன்று துறைக்கும் ஒரே வலை.

உங்கள் பையன்களிடம் சொல்லுங்கள், சிம் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் வண்டியின் ரேடியோவைக் கழற்ற வேண்டாம்.

கஜா புயலில் எங்கள் பகுதியில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. நீங்கள் சொல்லும் ரேடியோ மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கும்? அதுவும் டவர்தானே?
– பள்ளி ஆசிரியை, வேதாரண்யம்

மிக நியாயமான கேள்வி. டவர் டவர்தான். 2018 நவம்பர் 16 அன்று உங்கள் ஊரில் அடித்த காற்றுக்கு எந்த இரும்பும் விழலாம். வித்தியாசம், விழாமல் நிற்கும் டவர்கள் ஏன் செத்துப்போகின்றன என்பதில் இருக்கிறது. புயலுக்குப் பிறகு செல்போன் டவர்கள் பல, நிமிர்ந்து நிற்கும்போதே பேசாமல் போவதற்கு இரண்டு காரணம். பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், டீசல் கொண்டுபோகப் பாதை இருக்காது. அல்லது டவரை இணைக்கும் ஃபைபர் எங்கோ ஒரு மரத்தின் வேரோடு அறுந்திருக்கும்.

அவசரத் துறைக்கென்று கட்டும்போது இந்த இரண்டையும் முதல் நாளிலேயே கணக்கில் எடுக்கிறார்கள். பேட்டரியும் ஜெனரேட்டரும் அதிக நேரத்துக்கு வைக்கிறார்கள். இணைப்பை இரண்டு வழியில் தருகிறார்கள். முக்கியமாக, மையத்தோடு தொடர்பு முற்றிலும் அறுந்தாலும் டெட்ரா டவர் தன் எல்லைக்குள் இருப்பவர்களைத் தனியாகவே பேச வைக்கும். நாகப்பட்டினத்துக்குச் செய்தி போகாது, ஆனால் தோப்புத்துறையில் இருப்பவர் கோடியக்கரையில் இருப்பவரோடு பேசலாம். டவரும் விழுந்துவிட்டால், முன்பு சொன்னேனே, கருவிக்குக் கருவி நேராக. அந்த நிலையிலும் குரலோடு நிலைச்செய்தியும் குறுஞ்செய்தியும் போகும். தூரம் குறையும், அவ்வளவுதான்.

இதில் குறைந்த டேட்டாவின் பலம் இன்னொரு வகையிலும் தெரியும். குறைந்த அதிர்வெண்ணில், குறைந்த பிட்டில் போகும் தகவல், பலவீனமான சிக்னலிலும் தப்பிப் பிழைக்கும். ‘இங்கே 40 பேர், குடிநீர் இல்லை, இரண்டு பேருக்கு டயாலிசிஸ் வேண்டும்’ என்பது ஒரு குறுஞ்செய்தியில் அடங்கிவிடும். அதைக் கொண்டுபோக 4ஜி வேண்டாம்.

நம் நாட்டில் டெட்ரா புதிதல்ல. டில்லி மெட்ரோ ரயில் தொடக்கத்திலிருந்தே அதை ஓட்டுகிறது. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டில்லியில் பாதுகாப்புத் துறைகளுக்கென்று ஒரு டெட்ரா வலை போட்டார்கள். பேரிடர்க் காலத்துக்கான அடுத்த தலைமுறை வலையமைப்புக்கு, 814–824, 859–869 மெகாஹெர்ட்ஸில் நாடு முழுவதும் இடம் ஒதுக்கலாம் என்று 2018 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. உங்கள் ஊரில் புயல் அடிப்பதற்கு ஐந்து மாதம் முன்பு. வங்கக் கடலோர மாவட்டங்களுக்காவது இதை அவசரமாகச் செய்ய வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன். டீச்சர், உங்கள் ஊராட்சியில் பேரிடர் ஒத்திகை நடந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: “டவர் இல்லாமல் எந்தக் கருவி பேசும், அது யார் கையில் இருக்கிறது, எப்போது சார்ஜ் போட்டது?”

டெட்ராவை ஹேக் செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததே?
– வங்கி ஊழியர், சேலம்

வந்தது, உண்மைதான். நெதர்லாந்தைச் சேர்ந்த ‘மிட்நைட் புளூ’ என்ற ஆய்வுக் குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. டெட்ராவில் நான்கு வகைக் குறியாக்கம், அதாவது வெளியாள் ஒட்டுக்கேட்காதபடி தகவலைப் பூட்டும் முறை, இருந்தது. அதில் ‘டி.இ.ஏ.1’ என்ற வகையின் சாவி பார்க்க 80 பிட், உள்ளே வேலை செய்யும்போது 32 பிட்டாகச் சுருங்கிவிடுகிறது. 32 பிட்டைச் சாதாரண கணினியே உடைத்துவிடும். ஐரோப்பியக் காவல்துறைகள் பயன்படுத்துவது ‘டி.இ.ஏ.2’, அதில் இந்தச் சுருக்கம் இல்லை. டி.இ.ஏ.1-ஐ வைத்திருப்பவர்களில் மின்சாரம், ரயில் போன்ற துறைகளும் உண்டு. அங்கே போவது பேச்சு மட்டுமல்ல, சுவிட்சைத் திற, மூடு என்கிற டேட்டா கட்டளைகளும் கூட. அதனால் எனக்கு ஒட்டுக்கேட்பதைவிட, பொய்க் கட்டளை அனுப்புவதுதான் பெரிய பயம்.

இந்தக் குறியாக்க முறைகளை இருபது ஆண்டுக்கு மேல் ரகசியமாக வைத்திருந்தார்கள். வெளியே இருக்கும் கணித நிபுணர்கள் பார்த்திருந்தால் 1990களிலேயே பிடித்திருப்பார்கள். இந்த விவகாரத்துக்குப் பிறகு தரநிலை அமைப்பு அவற்றைப் பகிரங்கமாக வெளியிட்டது. தாமதம்தான், ஆனால் சரியான முடிவு. ஒரு துறை டெட்ரா வாங்கும்போது எந்த வகைக் குறியாக்கம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும், முக்கியமான டேட்டாவுக்கு, அனுப்பும் கருவியிலிருந்து பெறும் கருவி வரை பூட்டியே வைக்கும் ‘முனைக்கு முனை’ தனிக் குறியாக்கமும் கேட்க வேண்டும்.

பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். இதையெல்லாம் நானே செய்து பார்க்க ஆசை. போலீஸ் ரேடியோவைக் கேட்கலாமா?
– மாணவர், அறந்தாங்கி

போலீஸ் ரேடியோவைக் கேட்காதே தம்பி, சட்டப்படி குற்றம். ஆனால் உன் ஆசைக்கு நல்ல வழி இருக்கிறது. அமெச்சூர் ரேடியோ, நாம் ஹாம் என்று சொல்வது. 12 வயது நிறைந்திருந்தால் தேர்வெழுதி உரிமம் வாங்கலாம். அதில் ‘ஏ.பி.ஆர்.எஸ்.’ என்று ஒரு டேட்டா முறை உண்டு, அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பணியாற்றிய பாப் புரூனிங்கா உருவாக்கியது. நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் உன் இருப்பிடத்தையும் ஒரு சிறு செய்தியையும் சுற்றியுள்ள எல்லோருக்கும் அனுப்பும். மேலே சொன்ன 76 பிட் விஷயத்தின் அண்ணன் என்று வைத்துக்கொள்.

மாவட்டத்தில் உரிமம் பெற்ற ஹாம் யாராவது நிச்சயம் இருப்பார். உன் இயற்பியல் ஆசிரியரை அழைத்துக்கொண்டு போய் அவரைப் பார். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இந்த டேட்டாவை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி ஒன்று 145.825 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. நிலையம் உங்கள் ஊர் வானத்தைக் கடக்கும் நேரத்தை இணையத்தில் பார்த்துவிட்டு, அவர் வீட்டு மொட்டைமாடியில் கை ஆன்டெனாவோடு நின்றால் பிடித்துவிடலாம். பிடித்ததும் எந்தெந்த ஹாம்களின் அழைப்புக்குறி (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளப் பெயர்) வந்தது என்று எழுதி எனக்கு அனுப்பு.